மேல் கனெக்டர்

செப்டம்பர் 3, ஞாயிறு

அவர் துமகூருக்குக் கிளம்பிப் போனார். தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கிற மெஷின் ஒன்றை அங்கே யாரோ வாங்கியிருக்கிறார்களாம். அதைப் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வரப் பன்னிரண்டு நாள் ஆகும். கல்யாணமாகிப் பதினைந்து நாள்தான் ஆகிறது என்பதெல்லாம் மெஷினுக்குத் தெரியுமா?

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நெகமத்தில் இந்த வீட்டில் இனி நானும் அத்தையும் மட்டும்தான். மாமனார் இறந்து ஆறு வருடம். அத்தை நல்லவர். நான் நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டாவது இட்லியை மட்டும் ஆட்டுக்குப் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் சாந்தாமணி அக்கா போன் செய்தாள்.

"மாப்ள எப்படி?"

"நல்லவருக்கா. அதட்டிக்கூடப் பேச மாட்டீங்கறாரு."

"கோவம் வந்து பாத்தியா?"

"இல்லக்கா."

"அப்ப இன்னும் பாதி மாப்ளயத்தான் பாத்திருக்கற. மீதியையும் பாத்துட்டு எனக்குச் சொல்லு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அவள் எதற்காகச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 4, திங்கள்

வண்டியை உடைத்துவிட்டேன்.

ஒழுங்காக எழுதுகிறேன். அவருடைய கறுப்பு மோட்டார் சைக்கிள். தினமும் காலையில் பனியன் துணியால் அவரேதான் துடைப்பார். கல்யாணமான இரண்டாம் நாள், "இத மட்டும் ஆரும் தொட வேண்டாம், நானே பாத்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பதினைந்து நாளும் அதன் பின்சீட்டில்தான் குடித்தனம் நடத்தினேன். பழனி, ஆழியாறு, வால்பாறை. சாவியைத் திருப்பினால் டேங்குக்குள் இருக்கிற பம்ப் இரண்டு நொடி 'ஙொய்ங்' என்று முனகும். அது கேட்டால் எங்கேயோ கிளம்புகிறோம் என்று அர்த்தம்.

இன்று மாவாட்டிவிட்டு, ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, வண்டியில் தூசி இருக்கிறதே என்று துடைத்தேன். டேங்குக்கு அடியிலும் துணியை விட்டு இழுத்துத் துடைத்தேன். பிறகு ஏறி உட்கார்ந்தேன். அதற்கு விசேஷக் காரணம் எதுவும் கிடையாது. அந்த ஙொய்ங் சத்தத்தை ஒரு தடவை கேட்கலாமே என்று சாவியைத் திருப்பினேன்.

ஙொய்ங். டப்.

என் நைட்டி முழங்காலிலிருந்து கீழே வரை பெட்ரோல்.

டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகிற குழாயின் மேல் முனையில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் கனெக்டர் ஒன்று உண்டு. அது இரண்டாகப் பிளந்து, பாதி மேலேயும் பாதி குழாயோடும் நின்றது. சாவியைப் பிடுங்கி, இருந்த துணியை வைத்துக் கட்டி, வண்டிக்குக் கவரைப் போட்டு மூடிவிட்டு வந்துவிட்டேன். நைட்டியை மூன்று தண்ணீரில் அலசினேன்.

அத்தை தோட்டத்திலிருந்து வந்ததும் மூக்கைச் சுருக்கி, "என்ன சாமி ஒரு வாசம்?" என்றார்.

"மூட்டைப்பூச்சி மருந்துங்கத்தை" என்றேன். இந்த வீட்டில் மூட்டைப்பூச்சியே இல்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஊரில் இருக்கிற ஒரே மெக்கானிக் அவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். அவரிடம் போனால் செய்தி எனக்கு முன்னால் துமகூர் போய்ச் சேரும். அதனால் நானேதான் சரிசெய்ய வேண்டும். என்னால் முடியும். கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனியில் நான்கு வருடம் அசெம்பிளியில் இருந்தவள் நான். கனெக்டர் மாட்டாமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

கம்பெனிக்குச் சாமான் போட்டுக்கொண்டிருந்த அருள்ராஜ் அண்ணன் காந்திபுரத்தில் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறார். போன் செய்து வண்டியின் பேரைச் சொன்னேன்.

"பித்தளையிலயே இருக்குதும்மா. எந்தக் கனெக்டர் வேணும்?"

"மேல் கனெக்டருங்கண்ணா."

"மேல்தானே? நல்லாப் பாத்துச் சொல்லு."

"மேல்தாங்கண்ணா. பாத்துட்டுத்தான் சொல்றேன்."

பொள்ளாச்சி வழியாக வருகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றார். அப்பாடா.

இத்தனை பயம் எதற்கு என்று எனக்கே தோன்றுகிறது. ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஏழாவது படிக்கும்போது அப்பாவின் டார்ச்லைட்டைக் கீழே போட்டு உடைத்தேன். முதலில் மெதுவாகத்தான் கேட்டார். அப்புறம் கத்தினார். அப்புறம் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. அவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட அம்மாவிடம் சொல்வார், அம்மா என்னிடம் சொல்வார். வேறொன்றுமில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் எல்லோருமே பொருள்களை மெதுவாகத்தான் வைப்போம்.

செப்டம்பர் 6, புதன்

பஸ் வந்தது. பார்சல் வரவில்லை. அத்தைக்குக் கொள்ளுப்பருப்பு கடைந்து கொடுத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் அப்படியே சாப்பிட்டுவிட்டார்.

செப்டம்பர் 7, வியாழன்

பார்சல் வந்தது. பிரித்தேன். பளபளவென்று அழகான பித்தளை. ஆனால் ஆண்.

கம்பெனியில் நாங்கள் மேல், ஃபீமேல் என்றுதான் சொல்வோம். உள்ளே நுழைகிறது மேல், வாங்கிக்கொள்கிறது ஃபீமேல். டேங்கின் பம்பில் இருப்பது ஆண், குழாயில் மாட்ட வேண்டியது பெண். நான் சொன்ன மேல், மேலே இருக்கிற மேல். அவர் எடுத்துக்கொண்டது இங்கிலீஷ் மேல். நான்கு வருடம் இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் எண்ணிப் போட்டவளுக்கு இந்தப் புத்தி வேலை செய்யவில்லை. உடனே போன் போட்டேன்.

"அண்ணா, ஆணை அனுப்பிட்டீங்க."

"நீதானம்மா மேலு, மேலுன்ன."

"நான் சொன்னது மேல இருக்கற கனெக்டருங்கண்ணா."

பிறகு அவர் சிரித்தார் பாருங்கள், கடைக்கு வந்தவர்கள் தண்ணீர் கொடுத்திருப்பார்கள்.

"இனிமே எங்கிட்ட இங்கிலீசே வேண்டாம் தாயி. தமிழ்ல சொல்லு. ஆணா, பொண்ணா?"

இந்தத் தடவை தப்பு நடக்கவே கூடாது. சமையலறை நடுவில் நின்று, நிறுத்தி, சத்தமாகச் சொன்னேன்.

"எனக்கு ஆண் வேண்டாங்கண்ணா. பொண்ணுதான் வேணும். ஆணை வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?"

"சரி சரி. திங்கக்கெழம ஆயிரும்."

"எப்படியோ நல்லபடியா வந்துட்டாப் போதுங்க. அவருகிட்ட நானே சொல்லிக்கறேன்."

பின்பக்கம் அத்தை கையிலிருந்து சொம்பு விழுந்து உருண்டது. கை வழுக்கியிருக்கும், பாவம்.

செப்டம்பர் 8, வெள்ளி

அத்தைக்கு என் மேல் திடீரென்று அன்பு பொங்குகிறது. கிரைண்டர் கல்லைத் தூக்கப் போனேன், ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். சந்தைக்குப் போனவர் மாதுளம்பழம் வாங்கி வந்து, உரித்து, கிண்ணத்தில் போட்டு, நான் தின்று முடிக்கிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருந்த பப்பாளியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். நல்ல பழம் அது.

சாயங்காலம் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளாடு சினையாக இருக்கிறது. அத்தை பக்கத்தில் வந்து நின்று, ஆட்டையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல், "ஆணோ பொண்ணோ, ரண்டும் நம்முளுதுதான் சாமி" என்றார்.

"ஆனாலும் பொட்டையா இருந்தாத்தானுங்கத்தை நல்லது" என்றேன்.

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆட்டின் மேல் இத்தனை பாசமா! எனக்கு இந்த வீட்டை ரொம்பப் பிடித்துவிட்டது.

செப்டம்பர் 9, சனி

அவர் போன் செய்தார். போனில் அவர் குரல் இன்னும் கொஞ்சம் கனமாகக் கேட்கும். சும்மா ஒரு தகவலுக்காக எழுதுகிறேன்.

"ஏனம்மிணி, ஒடம்பு எப்படி இருக்குது?"

"ஒடம்புக்கென்னங்க, நல்லாத்தான் இருக்குது."

"அம்மா சொன்னாங்க."

"என்னன்னுங்க?"

"நீயே சொல்லுவீன்னு சொன்னாங்க. போன்ல வேண்டாம், நான் வந்தப்பறம் நேர்லயே சொல்லு. எதா இருந்தாலும் எனக்குச் சந்தோசந்தான்."

பிறகு, வேகமாக நடக்காதே, வேளைக்குச் சாப்பிடு என்று ஏதேதோ சொன்னார். என் காதில் எதுவும் ஏறவில்லை.

தெரிந்துவிட்டது. அத்தை பெட்ரோல் வாசத்தை மோப்பம் பிடித்து, கவரைத் தூக்கிப் பார்த்து, மகனிடம் சொல்லிவிட்டார். அந்த மாதுளம்பழமெல்லாம் பலி கொடுக்கிறதுக்கு முன்னால் போடுகிற சாப்பாடு. எதாக இருந்தாலும் சந்தோஷமாம். வண்டி உடைந்ததற்கு எந்த மனுஷனாவது சந்தோஷப்படுவாரா? அடக்கி வைத்திருக்கிறார். மெதுவாகப் பேசுகிறார். முதலில் மெதுவாகத்தான் பேசுவார்கள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

துணி துவைத்தேன். இன்னும் ஐந்து நாள்.

செப்டம்பர் 11, திங்கள்

பெண் வந்துவிட்டாள். அவ்வளவு அழகு. கண்டக்டர் கையிலிருந்து வாங்கும்போதே பஸ் ஸ்டாண்டில் சிரித்துவிட்டேன்.

அத்தை தோட்டத்துக்குப் போனதும் கவரை எடுத்தேன். புதியதை மாட்டுவதற்கு முன்னால் பம்பின் மூக்கில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய பாதியைக் கழற்ற வேண்டும். திருகினேன், வரவில்லை. கத்தி முனையால் சுரண்டினேன். கறுப்பு அழுக்குக்கு அடியில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. பசை. இரண்டு டியூபிலிருந்து பிதுக்கிக் கலந்து பூசுவார்களே, கல்லாட்டம் இறுகிவிடுமே, அந்தப் பசை. உடைந்த விளிம்பு முழுக்க அப்பியிருந்தது. அதன் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்து அப்படியே காய்ந்திருந்தது.

சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். டூல்ஸ் பையில் அந்த இரண்டு டியூபும் வாலிலிருந்து சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தன. இந்த வீட்டில் பற்பசையை அப்படிச் சுருட்டுகிற ஆள் ஒருவர்தான்.

ஆக நான் உடைக்கவில்லை. அது எப்போதோ உடைந்திருக்கிறது. ஒட்டியவர், ஒட்டியதை மறைத்தவர், யாரும் தொட வேண்டாம் என்றவர், எல்லாம் ஒரே ஆள்தான். ஒரு வாரமாக நான் மட்டும் திருடி மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த ரேகையின் மேல் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். என்னுடையது சின்னது.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. எனக்குக் கோபம் வராது. அக்காவைக் கேட்டால் சொல்வாள். வால்பாறை மலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. நாற்பதிலும் நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் முதுகில் சாய்ந்திருந்தேன். எனக்கும் சுடுகிற இன்ஜினுக்கும் நடுவில் பெட்ரோலைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பசை. சொல்கிறேன், அவ்வளவுதான். கோபமில்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

மாட்டிவிட்டேன்.

குழாய் விறைப்பாக இருந்தது, கனெக்டரின் முனை ஏறவில்லை. கம்பெனியில் செய்கிற வழிதான். சுடுதண்ணீரை டம்ளரில் எடுத்துக்கொண்டு போய்க் குழாயின் நுனியை அதில் முக்கிப் பிடித்தேன். இளகியதும் துடைத்து, பித்தளையை உள்ளே வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே அழுத்து. ஏறிவிட்டது. சுடுதண்ணீரோடு போவதைப் பார்த்துவிட்டு அத்தை, "கால் கடுக்குதா சாமி?" என்றார். ஆமாங்கத்தை என்றேன். இனிமேல் பொய் சொல்லக் கூடாது.

பம்பின் மூக்கில் வைத்துத் தள்ளினேன். கிளிக். உலகத்திலேயே நல்ல சத்தம் எது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்வேன். சாவியைத் திருப்பினேன். ஙொய்ங். விரலை விட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. மறுபடியும் திருப்பினேன். ஈரமில்லை. ஸ்டார்ட் செய்தேன். ஆடு கயிற்றை அறுக்கப் பார்த்தது. நான் வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் ஆடினேன். ஆட்டைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

நாளைக்கு வருகிறார். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அரிசிம்பருப்பு சாதம் பிடிக்கும் என்றாரே, அதற்குத் தேங்காய் துருவி வைக்க வேண்டும். கனெக்டரைப் பற்றி நானே முதலில் சொல்லிவிடுவது என்று முடிவு. பசையைப் பற்றி ஒன்றும் கேட்கப்போவதில்லை. அவர் கத்தினால் கத்தட்டும். தெரிந்துகொள்வது நல்லதுதானே. கையெழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

பொள்ளாச்சியிலிருந்து நாலு மணி பஸ்ஸில் வருகிறேன் என்று போன் செய்தார். அவருடைய வண்டியிலேயே போய் அழைத்து வருவோம் என்று தோன்றியது. அக்கா வீட்டுக்காரரின் வண்டியில் நன்றாக ஓட்டிப் பழகியவள்தான் நான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியை வெளியே தள்ளினேன். அத்தை ஓடிவந்து ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டியில போகாத சாமி. மொத மூணு மாசம் குலுங்கக் கூடாது."

எது மூன்று மாதம் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மாதுளம்பழம், பப்பாளி, கிரைண்டர் கல், வெள்ளாடு எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன.

"அத்தை, நான் போன்ல பொண்ணுன்னது கனெக்டருங்க."

"அப்படின்னா?"

"பெட்ரோல் பைப்புல மாட்டறதுங்க. வண்டியோடது ஒடஞ்சு போச்சு, புதுசு கேட்டேன்."

"பைப்புல ஆம்பள பொம்பள இருக்குதா?"

"இருக்குதுங்க."

அத்தை கொஞ்ச நேரம் டேங்குக்கு அடியில் பார்த்தார். அங்கே ஆணோ பெண்ணோ தெரியும் என்று எதிர்பார்த்திருப்பார். பிறகு கையை விட்டுவிட்டு, "நான் அவங்கிட்டச் சொல்லிப்போட்டனே" என்றார். "பொண்ணு வேணும்னு நீ ஆசப்படறீன்னு."

மணி மூன்று ஐம்பது.

பஸ் ஸ்டாண்டில் அவர் ஒரு கையில் பை, ஒரு கையில் மைசூர்பாகு டப்பாவோடு இறங்கினார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. நான் உட்கார்ந்திருப்பது எதன் மேல் என்று பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

"நீ எதுக்கு இந்த நேரத்துல இதுல வந்த?"

இறங்கி நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"எனக்கு விசேசமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. பொண்ணுன்னது வண்டிக்கு. நான் தொடச்சுட்டு சாவியப் போட்டனுங்க, மேல் கனெக்டர் புட்டுக்கிச்சு. நானே புதுசு வாங்கி மாட்டிட்டேன்."

ஒரு கணம் அவர் முகம் வாடியது. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு அவர் குனிந்து டேங்குக்கு அடியில் பார்த்தார். பித்தளை பளிச்சென்று இருந்தது. இதோ வரப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் நிமிர்ந்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"நீ ஒடைக்கல. அது முன்னாலயே ஒடஞ்சது. கல்யாணத்துக்கு ரண்டு நாளைக்கு முன்னால பத்திரிக்க குடுக்கற அவசரத்துல நான்தான் ஒட்டுனேன். நிக்கும்னு நெனச்சேன்."

"நிக்கும்னு நெனச்சீங்களா?"

இதைக் கேட்டது நான்தான். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

"நாப்பது வளைவுங்க. நாப்பது. பின்னால நான் கண்ண மூடிட்டு உங்கள நம்பி உக்காந்திருந்தேன். நீங்க பசைய நம்பிட்டு ஓட்டீட்டுப் போயிருக்கறீங்க. சுடற இன்ஜின் மேல பெட்ரோல் ஊத்துனா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாதா? மெஷின் பூட்டறவருதானுங்க நீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே மாத்தியிருப்பேன். நாலு வருசம் கம்பெனியில நான் என்ன கோலமா போட்டுட்டு இருந்தேன்? தொட வேண்டாம், தொட வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்சுதில்ல, ஏன்னு சொல்லத் தெரியல?"

டீக்கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவின் குரல் அது. என் தொண்டைக்குள் இத்தனை வருடமாக இருந்திருக்கிறது. முடிந்தது, இனிமேல் பேச்சுவார்த்தை கிடையாது என்று நினைத்தேன். அவர் பேசமாட்டார், அல்லது நான் பேசமாட்டேன்.

அவர் பையையும் டப்பாவையும் கீழே வைத்தார்.

"முடிஞ்சுதா, இன்னும் இருக்குதா?"

கிண்டலா என்று பார்த்தேன். இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்க."

"அப்பச் சொல்லு. தப்பு எம்பேர்லதான். நான் எங்கயும் போகல."

மீதியைச் சொல்ல வாயைத் திறந்தேன். தேடித் தேடிப் பார்த்தேன், உள்ளே எதுவும் இல்லை. தீர்ந்து போயிருந்தது. கோபம் என்பது மூன்று நிமிடத்தில் தீர்ந்துபோகிற சாமான் என்று எனக்கு இருபத்தேழு வயது வரை யாரும் சொல்லவில்லை. தலை கிறுகிறுவென்று வந்தது, சிரிப்பும் வந்தது. நடு பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவரும் மெதுவாக ஆரம்பித்தார். டீக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு பாலை ஆற்றப் போய்விட்டார்.

வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தோம்.